முக்காதே, ஊது

வலது கட்டைவிரலின் அடியில் பிடித்த எரிச்சல் மத்தியானத்துக்குள் முழங்கைக்கு ஏறிவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்கு விரல்களை மடக்கவே முடியவில்லை. காலையிலிருந்து யொன்சிலின் இடுப்பெலும்பை இரண்டு பக்கமும் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தேன். வலி ஏறும்போது அழுத்த வேண்டும், இறங்கும்போது விட வேண்டும். அப்பாடா என்று உட்காருவதற்குள் அடுத்தது வந்துவிடும். பதினாறு குளிர்காலம் சிப்பி உடைத்த கை இது. சிப்பியின் வாயில் கத்தியை விட்டுத் திருகும்போது எந்த நரம்பு இழுக்குமோ, அதே நரம்புதான் இதற்கும் இழுக்கிறது. வேலை மாறினாலும் தேய்கிற இடம் மாறவில்லை.

என் வேலைக்கு டூலா என்று பெயர். எங்கள் தொங்யோங் துறைமுகத்துச் சிப்பிக் கொட்டகைகளில் கேட்டால் "இடுப்பு பிடிக்கிற மல்சுன் அக்கா" என்பார்கள். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. பிள்ளையை எடுப்பது என் வேலை இல்லை. பெறுகிறவளை விட்டு நகராமல் இருக்க வேண்டும். அவள் என்ன கேட்டாளோ அது அவளுக்குக் கிடைக்கும்படி பார்க்க வேண்டும். கூட வந்த ஆம்பளையை மரம் மாதிரி நிற்க விடாமல் அவன் கைக்கும் வாய்க்கும் வேலை கொடுக்க வேண்டும்.

யொன்சில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒரே குரல்.

மூத்தவள் பொமி பிறந்தபோது அவளுடைய புருஷன் மான்ஹோ கடலில் இருந்தான். சிப்பி வளர்க்கிற தெப்பங்களில் கயிறு இழுக்கிற வேலை அவனுக்கு. பிரசவ அறையில் முன்பின் தெரியாத ஆறேழு பேர் யொன்சிலைச் சுற்றி நின்று ஒரே நேரத்தில் கத்தியிருக்கிறார்கள். ஒருத்தி முக்கு என்றிருக்கிறாள், இன்னொருத்தி முக்காதே என்றிருக்கிறாள். ஒருவர் கட்டிலில் ஏறி முழங்கையால் வயிற்றை அமுக்கியிருக்கிறார்.

"யார் சொல்றதைக் கேக்கறதுன்னே தெரியல அக்கா," என்று பிறகு என்னிடம் சொன்னாள். "நான் எங்க பெத்தேன்? என்னைப் பிழிஞ்சு எடுத்தாங்க."

அதற்கப்புறம் கொட்டகையில் மூன்று பேர் சேர்ந்து சத்தமாகப் பேசினால்கூட அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விடுவாள். இரண்டாவது வயிற்றில் வந்ததும் நேராக என்னிடம்தான் வந்தாள்.

"இந்தத் தடவை என் காதுல ஒரே ஒரு குரல்தான் கேக்கணும். பொமி அப்பா குரல். முக்குன்னு அவர் சொன்னாத்தான் முக்குவேன். மத்தவங்க எல்லாரும் அவர்கிட்ட சொல்லட்டும், அவர் எனக்குச் சொல்லட்டும்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஆஸ்பத்திரியிலும் ஒத்துக்கொண்டார்கள்.

கொட்டகையிலேயே பழக்கினேன். வேலை முடிந்த பிறகு யொன்சிலைக் கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார வைத்து, சிப்பிப் பெட்டியிலிருந்து ஒரு கை ஐஸை அள்ளி அவள் கையில் திணிப்பேன். ஐஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கை வெட்டிப்போகிற மாதிரி குத்தும். அந்தக் குத்தல் தாங்காமல் போகும்போது மான்ஹோ பேச வேண்டும்.

"ஊ... ஊது," என்றான் முதல் நாள்.

"ஏண்டா, மீன் ஏலம் விடறியா?" என்றாள் எதிர்ப் பலகையில் இருந்த கிழவி ஒருத்தி. "இந்தக் குரலைக் கேட்டா புள்ள உள்ளயே பூட்டிக்கும்."

"கொஞ்சம் கெஞ்சிச் சொல்லு மான்ஹோ. அன்னைக்கு ராத்திரி எப்படிக் கெஞ்சினியோ அப்படிச் சொல்லு," என்றாள் இன்னொருத்தி.

கொட்டகையே சிரித்தது. மான்ஹோவின் காது சிவந்துவிட்டது. ஆனால் மறுநாளும் வந்தான், அதற்கு அடுத்த நாளும் வந்தான். அவனுக்குக் கற்றுக்கொடுத்தது இரண்டே வார்த்தை. ஒன்று முக்கு. இன்னொன்று ஊது.

"முக்குன்னு சொல்றது சுலபம்," என்று அவனிடம் சொன்னேன். "கஷ்டம் எங்கன்னா, கருப்பை வாய் முழுசாத் திறக்கறதுக்கு முன்னாடியே உடம்பு முக்கச் சொல்லும். அப்ப முக்கினா வாய் வீங்கிப்போயிரும். அந்த நேரத்துல முக்காதே, ஊதுன்னு நீ சொல்லணும். வாந்தி வர்றப்ப அடக்குன்னு சொல்ற மாதிரி இருக்கும் அவளுக்கு. உன்னை நம்பி அடக்குவா. நர்ஸ் திறந்தாச்சுன்னு சொன்ன அந்த நிமிஷமே முக்குன்னு சொல்லிறணும். புரியுதா?"

"புரியுது அக்கா."

"எங்க, சொல்லு."

"முக்காத. ஊது. மெதுவா ஊது."

நல்லாவே சொன்னான். குரலில் ஒரு ஆழம் வந்திருந்தது. ஐஸ் உருகித் தண்ணீர் முழங்கை வழியாக ஓட, யொன்சில் கண்ணை மூடி அவன் குரலுக்கு ஊதினாள்.

மாமியாருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அவர் குறி பார்க்கிறவரிடம் போய் வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் ஒரு நாளை இரண்டிரண்டு மணி நேரமாகப் பன்னிரண்டு வேளை பிரித்து, வேளைக்கு ஒரு பிராணியின் பேர் வைத்திருக்கிறோம். இந்தப் பிள்ளைக்குக் குரங்கு வேளை ஆகாது, அதில் பிறந்தால் தகப்பனுக்கு ஆபத்து, அதற்கடுத்த சேவல் வேளையில் பிறந்தால் தகப்பன் தெப்பம் முழுக்கச் சிப்பி காய்க்கும் என்று கேட்டு வந்தார். நாள் குறித்து, நேரம் குறித்து, வயிற்றைக் கீறி எடுத்துவிடலாம் என்றார். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

"என் வயிறு என்ன கடையா அத்தை, நேரம் பாத்துத் திறக்கறதுக்கு?" என்று யொன்சில் கேட்டுவிட்டாள். கிழவி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார். மான்ஹோ அன்று ஒன்றும் பேசவில்லை. பெண்டாட்டி பக்கம் நிற்கிறான் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

பிரசவத்தன்று காலையில் பனிக்குடம் உடைந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் மான்ஹோ மாட்டிறைச்சி சுட்டு அவளுக்கு ஊட்டியிருக்கிறான். தெம்பு வேண்டும் என்று எல்லார் வீட்டிலும் செய்கிறதுதான். அவள் இரண்டு துண்டு தின்று, மூன்றாவதை அவன் வாயில் திணித்தாளாம். "நீங்களும் திங்கணும், பேச வேண்டியது நீங்கதானே," என்றாளாம். காரில் வரும்போது என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

மத்தியானம் வரை எல்லாம் நன்றாகப் போயிற்று. நாலரைக்கு மேல் யொன்சிலுக்கு உலகம் சுருங்கிவிட்டது. அப்போது பெண்கள் எங்கேயோ போய்விடுவார்கள். பேச மாட்டார்கள், கண்ணைத் திறக்க மாட்டார்கள். அவள் பக்கவாட்டில் படுத்து மான்ஹோவின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் இடுப்பை அழுத்தினேன். அவன் காதோரம் பேசினான். உடம்பு முக்கப் பார்த்தது. நர்ஸ் குவோன் வந்து சோதித்தார்.

"கருப்பை வாய்ல ஒரு ஓரம் மட்டும் இன்னும் திறக்காம இருக்கு. கொஞ்சம் பொறுங்க, முக்க வேணாம்," என்று மெதுவாக மான்ஹோவிடம் சொன்னார்.

"முக்காத. ஊது," என்றான் மான்ஹோ. அவள் ஊதினாள். பார்க்கவே அழகாக இருந்தது. உண்மையாகத்தான் சொல்கிறேன். அந்த இடத்தில் எனக்கு அவன்மேல் ஒரு பெருமைகூட வந்தது.

ஐந்தே கால் இருக்கும். என் விரல்கள் ஒத்துழைக்க மறுத்தன. "அக்கா, போய் ஏதாவது சாப்பிட்டு வாங்க, நான் இருக்கேன்," என்றான் மான்ஹோ. நடைக்கோடியில் போய்ச் சுடுதண்ணீரில் கையை நனைத்தேன். சுற்றி எடுத்து வந்த சோற்றுருண்டையை நின்றபடியே விழுங்கினேன். போன வேகத்தில் திரும்பிவிட்டேன்.

உள்ளே நுழைந்ததுமே யொன்சிலின் சத்தம் மாறியிருந்தது. தொண்டையின் அடியிலிருந்து வருகிற உறுமல். சுமை தூக்குகிறவர்கள் போடுகிற சத்தம். அந்தச் சத்தம் வந்தால் பிள்ளை இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

"நர்ஸ் வந்தாங்களா?" என்று மான்ஹோவைக் கேட்டேன்.

"வந்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

"இன்னும் அந்த ஓரம் இருக்காம். பொறுக்கச் சொன்னாங்க."

என் காது ஒன்று சொன்னது, அவன் வாய் ஒன்று சொன்னது. நான் அவன் வாயை நம்பினேன். கையை வைத்து அழுத்த ஆரம்பித்தேன்.

அடுத்தடுத்து வலி வந்தது. யொன்சிலின் முதுகு வில் மாதிரி வளைந்தது. காலை உதைத்தாள். கட்டில் கம்பியைக் கடித்தாள். ஒவ்வொரு தடவையும் அவன் சொன்னான், "முக்காத. ஊது. மெதுவா ஊது." ஒவ்வொரு தடவையும் அவள் ஊதினாள். உதடு வெடித்து ரத்தம் வந்தது. வலி இறங்குகிற இடைவெளியில் அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"பொமி அப்பா... இன்னும் இல்லியா?"

"இன்னும் இல்ல. நீ நல்லாப் பண்ற. இன்னும் கொஞ்சம்."

"முடியல."

"எனக்காக."

எனக்காக என்ற வார்த்தையை நான் அவனுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வலியிலும் அங்கேதான் பார்த்தான். பதற்றத்தில் எங்கேயாவது பார்க்கத்தானே வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவன் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

கதவு படாரென்று திறந்தது. நர்ஸ் குவோன் ஓடி வந்தார். "குழந்தையோட நாடி இறங்குது," என்று துடிப்பு காட்டும் கருவியின் சத்தத்தைக் கூட்டினார். டக் டக் என்று ஓட வேண்டியது நின்று நின்று வந்தது. கையுறையை மாட்டிச் சோதித்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

"தலை இங்க இருக்கு! ஏன் மணி அடிக்கல? அஞ்சு இருபதுக்கே முழுசாத் திறந்தாச்சு, முக்கச் சொல்லுங்க, முக்க ஆரம்பிச்சதும் மணி அடிங்கன்னு உங்ககிட்டதானே சொல்லிட்டுப் போனேன்?"

வலியில் உறுமிக்கொண்டிருந்த யொன்சிலின் காதில் அது ஏறவில்லை. மான்ஹோ கடிகாரத்தைப் பார்த்தான். ஆறாக இரண்டு நிமிஷம் இருந்தது.

"ரெண்டு நிமிஷம்," என்றான். "ரெண்டே நிமிஷம்."

நர்ஸுக்குப் புரியவில்லை. பயத்தில் உளறுகிறான் என்று நினைத்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிட ஓடினார். எனக்குப் புரிந்துவிட்டது. நான் இந்த ஊரில் பிறந்தவள். குரங்கு வேளை, சேவல் வேளை எல்லாம் தெரியும். சிப்பி உடைக்கிறபோது கத்தி நழுவி உள்ளங்கையில் ஏறுமே, முதலில் ஒன்றும் தெரியாது, ஒரு குளிர் மட்டும் ஓடும். அப்படி ஓடியது.

"யொன்சில், முக்கு!" என்று கத்தினேன்.

அவள் கண்ணைத் திறக்காமலேயே தலையை ஆட்டினாள். இல்லை என்று. ஊதிக்கொண்டே, பல்லைக் கடித்துக்கொண்டே, இல்லை என்று ஆட்டினாள். "அவர்... அவர் சொல்லணும்."

மான்ஹோவின் பின்கழுத்தைப் பிடித்தேன். மடங்க மறுத்த அதே விரல்கள் அப்போது நன்றாக மடங்கின. அவன் காதுக்குள் வாயை வைத்தேன். "சொல்லுடா. முக்குன்னு சொல்லு. இல்லேன்னா இந்தக் கழுத்தை இங்கயே முறிப்பேன்."

அவன் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கண் மட்டும் மேலேயே இருந்தது. வலி உச்சத்துக்கு ஏறியது. பெண்டாட்டி அவன் சட்டையைக் கிழித்துக்கொண்டு ஊதினாள், ஊதினாள். வாயில் காற்று இல்லாமல் வெறும் உதட்டால் ஊதினாள். நான் கழுத்தை நெரித்தேன். டாக்டர் உள்ளே வந்தார். கடிகாரத்தின் பெரிய முள் மேலே ஏறி நேராக நின்றது.

"முக்கு," என்றான் மான்ஹோ. "இப்ப முக்கு. யொன்சில், முக்கு!"

அவள் முக்கினாள்.

பெண் பிள்ளை. கழுத்தில் கொடி சுற்றி, கத்திரிக்காய் நிறத்தில் வந்தது. அழவில்லை. மூக்கை உறிஞ்சி, முதுகைத் தேய்த்து, பிராணவாயு வைத்து, அந்த அறையில் யாரும் மூச்சு விடாமல் நின்ற பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து எடுத்துப்போனார்கள். பிழைத்துக்கொண்டது. யொன்சில் நன்றாகக் கிழிந்திருந்தாள். வெகுநேரம் தைத்தார்கள். கட்டிலுக்குக் கீழே விரித்த துணி ரத்தத்தில் ஊறிக் கனத்தது.

தைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் மான்ஹோவின் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "நீங்க இல்லேன்னா செத்துருப்பேன்," என்றாள். "உங்க குரலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வந்தேன்."

அவன் அழுதான். பார்த்தவர்களுக்கு அது சந்தோஷ அழுகை.

அவள் கண் அசந்ததும் அவனைச் சட்டையோடு பிடித்து இழுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனேன். அங்கே யாரும் இல்லை. சிகரெட் நாற்றமும் சாம்பல் டப்பாவும்தான் இருந்தன.

"அம்மா சொல்லிக் கொடுத்தாங்களா?"

"அம்மா கெஞ்சினாங்க. செஞ்சது நான்தான் அக்கா."

"உனக்கு என்னடா கேடு? தகப்பனுக்கு ஆபத்துன்னு எவனோ சொன்னதுக்கு, உன் உயிருக்குப் பயந்து அவளை அடைச்சு வெச்சியா?"

"என் உயிருக்கு இல்ல." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "நான் குரங்கு வேளையில பொறந்தவன். எனக்கு ரெண்டு வயசு ஆகறப்ப எங்கப்பா படகோட போயிட்டார். அப்பனைத் தின்னவன், அப்பனைத் தின்னவன்னு சொல்லித்தான் என்னை வளத்தாங்க. படகுல ஏறினா பக்கத்துல உக்கார மாட்டாங்க. நாளைக்குக் கடல்ல எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் மகளையும் அப்படித்தானே அக்கா சொல்வாங்க? அது வேணாம்னுதான். கொஞ்ச நேரம்தானேன்னு..."

அவன் சொன்னது பொய்யில்லை. இந்த ஊர் அப்படித்தான். அவனை அப்படிக் கூப்பிட்ட வாய்களில் சிலவற்றை எனக்கே தெரியும். ஆனால் பாவம் பார்த்தால் கோபம் குறைந்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு இன்னும் ஏறியது.

"உன்னை ஊர் அடிச்சுது, சரி. அந்த அடியைக் கொண்டுபோய் எங்க இறக்கின? அவ இடுப்புலயா?"

"அக்கா..."

"கொஞ்ச நேரம்கிற. ஒரு பிடி ஐஸ் எடுத்துக் கையில வெச்சுப் பாருடா, கொஞ்ச நேரம்னா என்னன்னு தெரியும். நர்ஸ் சொல்லியிருந்தா அவ கேட்டிருக்க மாட்டா. நான் சொன்னேன், கேக்கல. உங்கம்மா கால்ல விழுந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டா. உன் ஒருத்தன் வாய்க்குத்தான் அடங்குவா. அது தெரிஞ்சுதானே செஞ்ச? நான் உனக்குக் குடுத்தது அவளைத் தாங்கறதுக்கு. நீ அதை வெச்சு அவ வாயை, அவ வயித்தை எல்லாம் பூட்டிட்ட. புள்ளைக்கு உசிர் போயிருந்தா? சேவல் வேளையில பொணம் பொறந்துச்சுன்னு உங்கம்மா ஊருக்குச் சொல்லியிருப்பாங்களா?"

அவன் சுவரில் சாய்ந்தான். கீழே காலடிச் சத்தம் கேட்டது. மாமியார் மூச்சிரைக்க ஏறி வந்தார். ஒரு கையில் சூப்புக் குடுவை, மறு கையில் பெற்றவளுக்குச் சூப்பு வைக்க மடக்காமல் நீளமாகவே வாங்கிய கடற்பாசிக் கட்டு. மருமகளுக்கு நல்லபடி ஆக வேண்டும் என்றுதான் மடக்காமல் வாங்குவார்கள். அதையும் அவர் விட்டுவைக்கவில்லை.

"என்ன குழந்தை? பொண்ணா? இருக்கட்டும், இருக்கட்டும். எத்தனை மணிக்கு?"

"ஆறு மணி தாண்டி," என்றான் மான்ஹோ.

கிழவி முகம் மலர்ந்தது. "நல்ல சேவல் வேளை! நடு வேளையில விழுந்திருக்கு. நான் அஞ்சரைக்கே நெஞ்சுல கைய வெச்சுட்டேன், சேவல் வந்தாச்சு, இனி எப்ப வந்தாலும் கவலை இல்லேன்னு."

மான்ஹோ நிமிர்ந்தான். "அஞ்சரைக்கா? அஞ்சரைன்னு குறிக்காரர் சொன்னது பழைய கணக்குல இல்லியா? நம்ம கடிகாரம் சூரியனுக்கு அரை மணி முந்தி ஓடுது, அதையும் சேத்துக்கணும்னு போன்ல பாத்தேனே. அதனால ஆறுன்னு..."

"போடா முட்டாப் பயலே. அந்த அரை மணியைச் சேத்துத்தான் அவர் அஞ்சரைன்னே சொன்னார். பழைய கணக்குல அஞ்சு. காசு வாங்கிட்டுச் சொல்றவர் அதைக்கூடச் சேக்காமலா சொல்வார்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அசிங்கமான சிரிப்பு. கிழவி என்னைப் பார்த்து ஒரு அடி பின்னால் நகர்ந்தார். மான்ஹோ படியிலேயே உட்கார்ந்துவிட்டான். குறிக்காரன் கணக்குப்படியே அவள் பத்து நிமிஷம் அடக்கியிருந்தால் போதும். மிச்ச முப்பது எந்தத் தெய்வத்துக்கும் இல்லை, எந்த வேளைக்கும் இல்லை. சும்மா.

"நாளைக்குக் காலையில வருவேன்," என்று அவனிடம் சொன்னேன். "அதுக்குள்ள நீயே அவகிட்டச் சொல்லியிருக்கணும்."

"இருபத்தொரு நாள் போகட்டும் அக்கா. பச்சை உடம்பு. பால் சுரக்கற நேரம்."

"நாளைக்குக் காலையில," என்றேன்.

வீட்டுக்கு வந்து கையை உப்புத்தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நானே சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அவன் வாயால் கட்டினதை அவன் வாயால்தான் அவிழ்க்க வேண்டும் என்றும் பட்டது.

காலையில் போனபோது யொன்சில் தலையணைகளில் சாய்ந்து போனில் கொட்டகைப் பெண்களோடு பேசிக்கொண்டிருந்தாள். மான்ஹோ பக்கத்தில் உட்கார்ந்து கடற்பாசிச் சூப்பைக் கரண்டி கரண்டியாக ஊட்டிக்கொண்டிருந்தான்.

"ஏலக் குரல்னு கிண்டல் பண்ணீங்களே," என்று அவள் போனில் சிரித்தாள். "கடைசி வரைக்கும் அந்தக் குரல் ஆடவே இல்ல, தெரியுமா? உங்க புருஷனுங்களையும் அனுப்புங்க, இவர் கத்துக் குடுப்பார்." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கண்ணுக்கடியில் முக்கினதில் வெடித்த சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள். "அக்கா, கை எப்படி இருக்கு?"

"இருக்கு." நான் மான்ஹோவைப் பார்த்தேன். அவன் சூப்பைப் பார்த்தான். சொல்லவில்லை என்று தெரிந்தது.

"புள்ளையைப் பாத்தீங்களா? தலை கூம்பிப்போய் இருக்கு. சரியாயிரும்னு சொன்னாங்க." போர்வையின் ஓரத்தை நிமிண்டிக்கொண்டே இருந்தாள். பிறகு குரல் இறங்கியது. "என் உடம்புதான் அக்கா சரியில்ல. பொமிக்கும் கடைசில திறக்கல, இதுக்கும் திறக்கல. எல்லாரும் எவ்வளவு பாடுபட்டீங்க. இந்தப் பாழாப்போன வாய் ஒரு ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேன்னுருச்சு. புள்ளைக்கு மூச்சு முட்டினது என்னாலதான். நேத்திலிருந்து அதையேதான் நெனைச்சுட்டு இருக்கேன்."

மான்ஹோ கரண்டியை அவள் வாயருகே கொண்டுபோனான். "அதெல்லாம் பேசாத. குடி."

அவனுக்கு நான் கொடுத்த நேரம் அங்கே முடிந்தது.

"யொன்சில்," என்றேன். "உன் உடம்புல ஒரு குறையும் இல்ல. அஞ்சு இருபதுக்கே முழுசாத் திறந்துருச்சு. நர்ஸ் வந்து பாத்து, முக்கலாம்னு சொல்லிட்டுப் போனாங்க."

அவளுக்கு உடனே ஏறவில்லை. "எப்ப? என்கிட்டச் சொல்லலியே?"

"உன்கிட்டச் சொல்லல. யார்கிட்டச் சொல்லணும்னு நீ கேட்டுக்கிட்டியோ அவன்கிட்டச் சொன்னாங்க."

"ஆறு மணி வரைக்கும் ஊதினேனே அக்கா. பல்லெல்லாம் ஆடுது. எதுக்கு ஊதினேன்?"

"அதை நான் சொல்லக் கூடாது. அவனைக் கேளு."

அவள் தலையைத் திருப்பினாள். நேற்று முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பியிருந்தவள், இப்போது கண்ணை நன்றாகத் திறந்து திரும்பினாள். அவன் கை பிடித்திருந்த போர்வையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பொமி அப்பா?"

அவன் கரண்டியில் இருந்த சூப்பை ஊதினான். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது. இருந்தும் ஊதிக்கொண்டிருந்தான்.

"பொமி அப்பா, உங்களைத்தான். எதுக்கு?"

நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். பெறுகிறவளை விட்டு நகராமல் இருப்பதுதான் என் வேலை. நடைக்கோடியில் யாருடைய பிள்ளையோ அழுதது. மான்ஹோ கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான்.

ஐந்து இருபதிலிருந்து ஆறு வரை. அந்த நாற்பது நிமிஷத்துக்கு அவன் அவளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இன்னும் சொல்லவில்லை.